இடுப்பில் செருகிய தந்தி

பிரம்மதேசம்,
8-7-1998

அன்பு மகன் அய்யப்பனுக்கு உன் நைனா துரைக்கண்ணு சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். இங்கே நான், உன் அம்மா, உன் பெண்டாட்டி, குழந்தை தமிழ்மொழி, கறவை மாடு இரண்டு, எல்லாரும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்கிறோம். அந்தப் பனிமலையில் நீயும் உன்னோடு கூடாரத்தில் படுக்கிற பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததும் கும்பிட்டுக்கொள்கிறேன். கால் விரல் இடுக்கை ஈரமாக வைத்துக்கொள்ளாதே, ராத்திரி படுக்கும்போது துடைத்துவிட்டுப் படு. இதை எழுதுகிறது தையல்நாயகிதான். நான் சொல்லாதது ஏதாவது நடுவில் வந்தால் அது உன் பெண்டாட்டியின் சொந்தச் சரக்கு, அதற்கு நான் பொறுப்பில்லை. உன் தம்பி மணிமாறன் விஷயத்தை முதல் வரியிலேயே எழுதிவிடலாம் மாமா என்றாள். கூடாது என்று சொல்லிவிட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ மேய்ந்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்வாய். நாங்கள் பட்ட பாட்டை நாங்கள் பட்ட வரிசையிலேயே நீயும் படு. பயப்படுகிற சேதி ஒன்றும் இல்லை, அதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ போன தீபாவளிக்கு லீவில் வந்திருந்தபோது மணி பூனா ஆபீசர் பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தான். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளைப் பிடித்து நாலு வருஷத்தில் ஆபீசராக்குகிற இடம். பன்னிரண்டாவது முடிப்பதற்கு முன்னாலேயே போட்டி போடலாம் என்று திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. பார்க்கிற கோதண்டபாணி வாத்தியார் சொல்லித்தான் இவன் எழுதினான். நாடு முழுக்க லட்சக்கணக்கில் எழுதுகிறார்களாம், எடுப்பது முந்நூறு பேராம். நாமெல்லாம் அதில் எங்கே என்று நான் சொன்னதற்கு நீ இவனைக் கிணற்று மேட்டில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னாயே, நான் எட்டு வருஷமா ஆபீசர் ரூம் வாசல்ல நின்னுக்கினு இருக்கேன், நீ ஒரு தபா உள்ள போய் உட்காருடா பாக்கலாம் என்று. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை, அவனும் மறக்கவில்லை. பொங்கல் கழித்துப் பரீட்சையில் தேறிவிட்டான் என்று சேதி வந்தது, மாசி மாதம் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். நீ அனுப்பின கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் போனான். கொஞ்சம் பெரிது, முன்னால் துணி வைத்துக்கொண்டான்.

பெங்களூரில் ஐந்து நாள் வைத்துச் சோதித்தார்களாம். பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நெஞ்சிலும் முதுகிலும் நம்பர் எழுதின துணியைக் கட்டிவிடுவார்களாம், நம் மணிக்கு ஒன்பது. கூட வந்த பிள்ளைகள் மிலிட்டரி பள்ளிக்கூடத்திலேயே ஆறாவதிலிருந்து படித்தவர்கள், இரண்டாவது தடவை மூன்றாவது தடவை வருகிறவர்கள், இங்கிலீஷை வாயில் வெற்றிலை மாதிரி போட்டு மெல்லுகிறார்கள் என்றான். இவன் ஒருத்தன்தான் இன்னும் பன்னிரண்டாவது பரீட்சையே எழுதாதவன், அதுவும் தமிழில் படிக்கிறவன். பலகையும் கயிறும் கொடுத்து, தரையில் கால் படாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எல்லாரும் சேர்ந்து போங்கள் என்பார்களாம். எல்லாரும் நான் சொல்கிறேன் நான் சொல்கிறேன் என்று கத்த, இவன் பலகையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றானாம். யாராவது இன்னொரு முனையைத் தூக்கினால்தானே நகரும் என்று. கடைசியில் எல்லாரும் இவன் பக்கம் வந்தார்களாம். இதை அவன் சொன்ன நாளிலிருந்து நான் ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது, டீக்கடைக்காரன் இப்போது என்னைப் பார்த்தாலே பலகை வந்திட்ச்சி என்கிறான்.

அதற்கப்புறம் ஒரு பெரிய ஆபீசர் தனியாக உட்கார வைத்துப் பேசினாராம். வீட்டில் யார் யார் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பட்டாளத்தில் நாயக் என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு நீ ஆபீசராகி உன் அண்ணன் உனக்கு சல்யூட் அடித்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். மணி, எங்க அண்ணன் சல்யூட் சரியா இருக்கும் சார், நான் திருப்பி அடிக்கிறதுல தப்பு இருந்தா லீவுல வீட்டுக்கு வந்ததும் திட்டுவாரு சார், அதான் பயமா இருக்கு என்றானாம். அந்த ஆபீசர் சிரித்துவிட்டாராம். இங்கேயும் அதே கேள்வியைக் கேலியாகக் கேட்கிறவர்கள் உண்டு, அண்ணன்காரன் தம்பிக்குக் கும்பிடு போடணுமாமே என்று. நான் உன்னையே கேட்கிறேன், உனக்கு அது வருத்தமா? வருத்தமாக இருந்தால் இவனிடம் சொல்லாதே, என்னிடம் சொல். கடைசி நாள் எல்லாரையும் நிற்க வைத்து இரண்டே இரண்டு நம்பரைத்தான் படித்தார்களாம், ஒன்பது இரண்டாவது நம்பர். மற்ற பிள்ளைகள் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் உடம்பு பார்க்கிறோம் என்று நிறுத்தி வைத்தார்கள். இங்கேதான் உன் அம்மா கைவரிசை. இவன் பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்த சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு, பிள்ளை பனி ஊருக்குப் போகிறான் காது அடைத்துக்கொள்ளும் என்று இரண்டு காதிலும் நல்லெண்ணெய் காய்ச்சி நிறைய ஊற்றி அனுப்பியிருக்கிறாள். அங்கே டாக்டர் குழலை வைத்துப் பார்த்தால் குரும்பியும் எண்ணெயும் கலந்து உள்ளே ஒன்றுமே தெரியவில்லையாம். சுத்தம் செய்துகொண்டு மெட்ராஸ் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வந்து காட்டு, அதுவரைக்கும் உனக்கு இல்லை என்று எழுதிவிட்டார். பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் காதைச் சுத்தம் பண்ண திண்டிவனத்துக்கும் மெட்ராசுக்கும் அலைந்தான். உன் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்ணில் படாமல் பரணில் ஏற்றிவிட்டாள். மெட்ராசில் சரி என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் கிண்ணம் கீழே இறங்கியது.

போன மாதத் தொடக்கத்தில் பட்டியல் வந்தது. கோதண்டபாணி வாத்தியார் பேப்பரைக் கொண்டுவந்து மணி பேர் இருக்கிறது என்று காட்டினார், எல்லாரும் குதித்தோம். பிறகு அவரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பேர் இருக்கிறது ஆனால் கீழே இருக்கிறது என்றார். மேலே இருந்து வரிசையாகக் கூப்பிடுவார்களாம், இடம் நிரம்பிவிட்டால் கீழே இருக்கிறவர்களுக்கு இல்லை. மேலே இருக்கிற யாராவது வேண்டாமென்று போனால்தான் உண்டு. இரண்டு வாரம் தபால்காரரை மறித்து மறித்துக் கேட்டதில் அவர் நம் தெருவுக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார். ஒன்றும் வரவில்லை. சரி போகட்டும் என்று மணி விழுப்புரம் காலேஜில் சேர விண்ணப்பம் வாங்கி வந்தான்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். போன மாதம் இருபதாம் தேதி, சனிக்கிழமை, ஆடிப் பட்டத்துக்கு விதைக்காக வாசலில் மல்லாட்டை உடைத்துக் கடலைப் பருப்பைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தோம், நான், உன் அம்மா, தையல்நாயகி மூன்று பேரும். மணி திண்டிவனம் போயிருந்தான். சைக்கிளில் ஒரு புது ஆள் வந்தார், பெயர் சவுரிராயனாம், பிறகு தெரிந்துகொண்டேன். துரைக்கண்ணு வீடு எது, மிலிட்டரி தந்தி வந்திருக்கு என்றார். மணி அவன் பேரோடு என் பேரையும் போட்டுத்தான் விலாசம் கொடுத்திருக்கிறான், அவர் ஊருக்குத் தெரிந்த பேரைச் சொல்லிக் கேட்டார், அவர் மேல் தப்பில்லை. ஆனால் நீயே சொல், பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மிலிட்டரி தந்தி என்றால் யாருக்கு என்ன தோன்றும். மேலத்தெரு விருத்தாசலம் மகன் சிலோன் சண்டையில் போனபோது வந்த தந்தியை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். அதே நிறக் காகிதம். உன் அம்மா மடியிலிருந்த மல்லாட்டை எல்லாம் சிதற எழுந்து ஒரு கத்து கத்தினாள், அந்த ஆள் என் விரலைப் பிடித்து ரேகையைப் பதித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

தையல்நாயகி பிரித்தாள். முழுக்க இங்கிலீஷ். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டிப் பார்த்து ஆர்மி என்று ஒரு வார்த்தை சொன்னாள், அதற்கு மேல் அவளுக்குக் கண் தெரியவில்லை, அப்படியே மல்லாட்டைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் கையிலிருந்து அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தெரு கூடிவிட்டது. ரேஷன் கடையில் எழுதுகிற பையன் வந்து நான் படிக்கிறேன் குடுங்க என்றான், கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. யாராவது படித்துச் சொன்னால்தானே அது நடந்தது, படிக்காத வரைக்கும் என் பிள்ளை அங்கே நின்றுகொண்டுதான் இருக்கிறான் என்று எனக்கு ஓர் எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான். படித்தவனாக இருந்தால் பிரித்த உடனே கண்ணே படித்துவிட்டிருக்கும், என் மாதிரி ஆளுக்கு அதைப் பிடித்து நிறுத்தி வைக்க முடியும். அதற்குள் யாரோ கடையிலிருந்து கோலியனூரில் உன் அத்தை பவுனுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை, மணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். கூட்டத்தைப் பார்த்து நான்தான் போய்விட்டேன் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறான், நான் நிற்பதைப் பார்த்ததும் குழம்பிப் போனான். தந்தி என்றார்கள். என்னிடம் கை நீட்டினான். நான் அவனுக்கும் கொடுக்கவில்லை. அப்போது தையல்நாயகி எழுந்து வந்தாள். அழவில்லை. "குடுங்க மாமா. எனக்குத் தெரியணும்" என்றாள். அவள் கேட்ட பிறகு என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை, எடுத்து மணி கையில் கொடுத்தேன்.

அவன் படித்தான். முகம் கோணிப் போய் உதடு துடித்தது, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. அம்மா பக்கம் திரும்பி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அம்மா, அண்ணன் இல்லம்மா. அண்ணன் இல்ல" என்றான்.

அவன் சொல்ல வந்தது தந்தி அண்ணனைப் பற்றி இல்லை என்று. கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கு வேறு என்ன அர்த்தம் ஆகும்? மொத்தத் தெருவும் ஓ என்று எடுத்தது பார், அந்தச் சத்தத்தில் அவன் பிறகு சொன்னது ஒன்றும் யார் காதிலும் விழவில்லை. உன் அம்மா சாய்ந்துவிட்டாள். பொம்பளைகள் தையல்நாயகியைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் அவர்களைத் தள்ளிவிட்டு மணி கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி, விரல் வைத்து முதலிலிருந்து எழுத்துக் கூட்டினாள். ம, ணி, மா என்று அவள் வாய் அசைவதை நான் பார்த்தேன். பிறகு எல்லார் சத்தத்துக்கும் மேலே, "மாமா, இதுல மணி பேரு இருக்கு. அவுரு பேரு இல்ல" என்று சொன்னாள். ரேஷன் கடைப் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றான். மேலே ஒருத்தன் விலகிவிட்டானாம், மணிமாறனுக்கு இடம் கிடைத்துவிட்டது, அடுத்த வாரத்துக்குள் பூனாவுக்கு வந்து சேரு என்று ராணுவத் தலைமை ஆபீசிலிருந்து வந்த தந்தி அது.

அய்யப்பா, என் அறுபது வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பு என் தெருவில் நான் கேட்டதில்லை. அழ வந்தவர்கள் அழுத கண்ணைத் துடைக்காமலேயே சிரித்தார்கள். மயக்கம் தெளிந்த உன் அம்மாவிடம் இரண்டு பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்ல நாலு பேர் தேவைப்பட்டது. விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையில் பாதியை அண்டாவில் போட்டு வேக வைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம், வெல்லம் இருந்தவரைக்கும் பாயசம் வைத்தோம். எல்லாரும் தின்றுகொண்டிருக்கும்போது கோலியனூரிலிருந்து பவுனு வேன் எடுத்துக்கொண்டு பத்துப் பேரோடு வந்து இறங்கினாள். தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்து, வாசல் வரைக்கும் உன் பேரைச் சொல்லி அழுதுகொண்டே வந்தாள், கையில் பெரிய மாலை. வந்து பார்த்தால் எல்லார் கையிலும் பாயசம். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம் கோபம் ஒரு பக்கம். "விக்கிரவாண்டி தாண்டினதுல இருந்து அழுதுக்கினு வரேன்யா, தொண்டை போச்சு. எனக்கு இன்னா பதிலு சொல்ற?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் பாயசத்தைக் கொடுத்தேன். அந்த மாலையை உன் அம்மா இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் எருக்குழியில் போட்டுவிட்டு வந்து கை கால் கழுவினாள்.

கழுவிவிட்டு வந்தவள்தான் மணியை அனுப்ப மாட்டேன் என்று சொன்னாள். இவ்வளவு ஆட்டத்துக்கும் பிறகு. மணியின் சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் கட்டிக் கேப்பை மூட்டைக்குள் திணித்து, அதன் மேலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். ஒரு தந்திக்கே நான் செத்துப் பொழைச்சேன், இன்னொருத்தனுக்கும் தந்தி பார்த்துக்கினு உட்காரச் சொல்றியா என்றாள். நான் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. கோதண்டபாணி வாத்தியார் வந்து நாட்டுக்காக என்று ஆரம்பித்தார். உங்க புள்ள இன்னா பண்றாரு வாத்தியாரே என்று கேட்டாள். பேங்கில் இருக்கிறான் என்றார். அப்ப நீங்க காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க என்று சொல்லிவிட்டாள். நாள் போய்க்கொண்டே இருக்கிறது, போய்ச் சேர வேண்டிய தேதிக்கு ரயிலில் போகவே இரண்டு நாள் வேண்டும். மணி பாட்டுக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டினான், மிச்ச மல்லாட்டையை உடைத்தான், அவ்வளவுதான். அவன் அப்படி இருந்தது எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

மூன்றாம் நாள் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே உன் அம்மா கேட்டாள். "ஆபீசரானா உங்க அண்ணனுக்கு லீவு குடுக்குற அதிகாரம் உனக்கு உண்டா?"

மணி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். "உண்டும்மா" என்றான்.

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு எழுந்துபோய் மூட்டையை அவிழ்த்தாள். சர்ட்டிபிகேட் எல்லாம் கேப்பைத் தூசி, தையல்நாயகி ஒவ்வொன்றாக ஊதித் துடைத்துக் கொடுத்தாள். மறுநாளே கிளம்பினான். கோதண்டபாணி வாத்தியார் கோபப்படாமல் மெட்ராஸ் வரைக்கும் கூடப் போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தார். உன் அம்மா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். காதில் எண்ணெய் விடவில்லை, நான் பார்த்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்துவிட்டேன், தலையை ஒட்ட வெட்டிவிட்டார்கள், விடிவதற்கு முன்னால் ஓடச் சொல்கிறார்கள், சாப்பாடு நிறைய என்று நேற்று கார்டு வந்தது. தையல்நாயகி அதை ஐந்து தடவை படித்துக் காட்டினாள். அவள் இப்போது வாத்தியார் வீட்டுக்குப் போய் இங்கிலீஷ் படிக்கிறாள், இனிமேல் இந்த வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் நானே படிப்பேன் என்கிறாள். இந்த வரியை அவள் எழுதத் தயங்கினாள், எழுது என்று அதட்டினேன்.

நீயும் தம்பிக்கு ஒரு கடிதம் போடு, பூனா விலாசம் தனியாக எழுதி வைத்திருக்கிறோம். முதல் வருஷம் மேல் வகுப்புப் பிள்ளைகள் போட்டு வாட்டுவார்களாம், பொறுத்துக்கொள்ளச் சொல்லு, நீ சொன்னால் கேட்பான். உடம்பைப் பார்த்துக்கொள், சண்டை சச்சரவு இல்லாத இடமாகப் பார்த்துப் போடச் சொல்லி உன் ஆபீசரிடம் பணிவாகக் கேட்டுப் பார், தர மாட்டார்கள், இருந்தாலும் கேள். உனக்கும் உன் தம்பிக்கும் நீண்ட ஆயுசையும் நல்ல பேரையும் எல்லாம் வல்ல அம்மன் கொடுக்கட்டும். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே உன் கையால் இரண்டு வரி எழுதிப் போடு, உன் எழுத்தைப் பார்த்தால்தான் உன் அம்மாவுக்கு மனசு ஆறும். என்ன சேதியாக இருந்தாலும் கடிதத்தில் எழுது, பதவி உயர்வே வந்தாலும் சரி, தந்தி மட்டும் அடிக்காதே.

மணி உனக்கு லீவு கொடுக்க இன்னும் நாலு வருஷம் ஆகும் என்று உன் அம்மாவுக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. அதனால் இந்தத் தீபாவளிக்கு நீயே கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடு. அவன் கொடுத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் நைனா,
துரைக்கண்ணு
(இடது கைப் பெருவிரல் ரேகை)